கோலைப் பிடுங்காத வழிகாட்டி

மீன் பிடிப்பதில் கைதேர்ந்தவன் எவனோ, அவனே மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதிலும் கைதேர்ந்தவனாக இருப்பான் என்று ஒரு நம்பிக்கை, ஆற்றங்கரையில் விடுதி நடத்துகிறவர்கள் மனத்தில் எப்படியோ ஆழமாக வேரூன்றிவிட்டிருக்கிறது. ரசம் வைப்பதில் ஊரே மெச்சும் அத்தையிடம் போய், "அத்தே, உப்பு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள், "போடற அளவு போடணும்டா" என்ற வேதாந்தந்தான் பதிலாகக் கிடைக்கும். அத்தையின் ரசத்தில் ஒரு குற்றமும் இல்லை. கைக்குத் தெரிந்த விஷயம் வாய்க்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுக்களையில் நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிற இந்த உண்மையை ஆற்றங்கரையில் ஏன் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்கிறோம் என்பதுதான் சென்ற மாதம் முழுவதும் என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

(ஆம், கோபத்தில் எழுதும் பதிவுதான். ஆனால் சாவகாசமான கோபம். காப்பி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.)

குடகுச் சீமையில், காவிரி பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஓரிடத்தில், பிடித்த மீனை மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தூண்டில் போட அநுமதிக்கும் விடுதி ஒன்றில் நானும் என் சிநேகிதர் ஒருவரும் போய்த் தங்கினோம். விடுதியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே சாப்பாடு பிரமாதமாக இருந்தது, அந்த நன்றிக்கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

முதல் நாள் மாலை 'அறிமுக உரை' என்றார்கள். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, சுவரில் வேட்டி ஒன்றைக் கட்டி, புரொஜெக்டரை வைத்து, வழிகாட்டித் தம்பி வந்து நின்றார். நல்ல வாட்டசாட்டமான பிள்ளை. ஆற்றின் ஒவ்வொரு மடுவும் அவருக்கு மனப்பாடம் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்று மாலை அவர் எங்களுக்குக் காட்டியவை யாவும் அவருடைய படங்களே. அவரும் மீனும். அவரும் இன்னொரு மீனும். அவரும் அதே மீனும், வேறொரு கோணத்தில். நடுநடுவே 'டிராக்', 'ஸ்விவல்', 'லீடர்' என்று சொற்கள் வந்து விழுந்தவண்ணம் இருந்தன. அவை ரீலில் இருக்கும் சமாசாரமா, தூண்டில் நரம்பில் இருக்கும் சமாசாரமா, கடையில் கேட்டு வாங்க வேண்டியவையா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. மைசூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மாள் மட்டும் துணிந்து கையைத் தூக்கி, "இந்த மீன் பகல்ல எங்கே இருக்கும்? தூங்குமா?" என்று கேட்டார்.

அன்றைய கூட்டத்தில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அது. உரையாற்றத் தெரிந்த ஒருவனுடைய கையில் அந்தக் கேள்வி அகப்பட்டிருந்தால், வெயில் ஏற ஏற அந்த மஹசீர் மீன் ஆழமான மடுக்களில் போய் ஒதுங்கிக்கொள்வதையும், விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் வேகமாக ஓடும் நீருக்கு இரை தேடி வருவதையும், ஆகவேதான் மறுநாள் நாங்கள் அகாலத்தில் எழுப்பப்படப் போகிறோம் என்பதையும் அதிலிருந்தே சரம் சரமாக இழுத்திருக்கலாம். "நாளைக்குப் பார்க்கலாம் மேடம்," என்று சொல்லிவிட்டு, தம்பி அடுத்த படத்துக்குப் போனார். அதிலும் அவர்தான்.

எனக்கு ஆத்திரம் வந்தது அவருடைய தற்பெருமையினால் அல்ல. இளம் வயதில் பெரிய மீனைத் தூக்கினவன் படம் எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? சொல்வதற்கு அவ்வளவு விஷயம் இருக்கும் ஓர் ஆற்றின் கரையில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் விட்டாரே என்பதுதான் ஆத்திரம். காவிரியின் சொந்த மஹசீர், முதுகு கூனி, ஆரஞ்சு நிறத் துடுப்புக்களோடு இருக்கும் மகா ஜாதி மீன். காவிரியின் உபநதியான கபினியில் 1946-இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தூண்டிலில் பிடித்த மஹசீர் 120 பவுண்டு எடை இருந்தது. அதாவது ஏறக்குறைய 54 கிலோ, ஒரு வளர்ந்த மனிதனின் பாரம். 1873-இல் வெளிவந்த 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தில் சென்னை மாகாணத்து சிவில் அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்த ஜாதி மீனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருக்கிறார். இத்தனை கீர்த்தி வாய்ந்த இந்தக் கூன்முதுகு மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் 2018 வரையில் நிச்சயமாகவில்லை என்றால் நம்புவீர்களா? கேரளத்தில் பாம்பாற்றில் கிடைத்து, 'டோர் ரேமாதேவி' என்று முன்னமே பெயரிடப்பட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றே என்று அந்த வருஷந்தான் நிரூபித்தார்கள். பெயர் கிடைத்த கையோடு, அற்றுப்போகும் அபாயத்தின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. லோனாவ்லாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் இதன் இடத்தில் பெருகிவிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். அணை, வெடி வைத்து மீன் பிடிக்கும் பாதகம் முதலியவையும் இருக்கவே இருக்கின்றன.

ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடக் கூடிய கதை. கேட்டவன் மறுநாள் நீரைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அதற்குப் புரொஜெக்டர்கூட வேண்டாம், வேட்டியும் மிச்சம்.

சரி, மறுநாள் காலைக்கு வருகிறேன். பனி விலகாத வேளையில் பாறைமேல் நிற்கிறோம். தூண்டில்கோல் என் கையில். முதல் வீச்சு அருகிலேயே விழுந்தது. நான் அடுத்த வீச்சுக்கு ஆயத்தம் ஆவதற்குள், "சார், கையை இறக்குங்க, தோள் ஆடக் கூடாது, விரலைச் சீக்கிரம் விட்டுட்டீங்க, காலை அகட்டி நில்லுங்க, தண்ணியைப் பாருங்க கோலைப் பாக்காதீங்க" என்று ஒரே மூச்சில் ஐந்து உபதேசங்கள். ஐந்தும் சரியான உபதேசங்களே, அதுதான் பரிதாபம். ஐந்தையும் ஒருங்கே நினைவில் நிறுத்திக்கொண்டு நான் வீசிய இரண்டாவது வீச்சு, எங்களுக்குப் பின்னாலிருந்த நாவல் மரத்தில் போய்த் தொங்கிற்று. உடனே அவர், "கொடுங்க சார், நான் போட்டுத் தர்றேன்," என்று என் கையிலிருந்து கோலை வாங்கி...

வாங்கி என்று மரியாதைக்காக எழுதுகிறேன். பிடுங்கி.

அழகாகத்தான் வீசினார். நூல் நாற்பது கஜம் பறந்து போய், அவர் நினைத்த இடத்தில் ஓசையின்றி விழுந்தது. கோலை என் கையில் திருப்பித் தந்து, "இப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க," என்றார். அந்த க்ஷணத்திலிருந்து நான் மீன் பிடிக்கிறவனாக இல்லை. கோல் நட்டு வைக்கும் கொம்பாக இருந்தேன். மீன் கடித்தபோதும் அவரே பாய்ந்து வந்து இழுத்தார். வந்தது ஒரு சிறிய நீலத்துடுப்புதான். "சார், பிடிச்சிட்டீங்க!" என்று அவர் குதூகலித்தபோது, இந்தப் பிள்ளையின் மனத்தில் கபடம் ஏதும் இல்லை என்பது எனக்குத் திட்டமாகத் தெரிந்தது, விருந்தாளி காசு கொடுத்து வந்திருக்கிறார், அவருக்கு மீன் கிடைத்தாக வேண்டும், அதற்குக் குறுக்கே நிற்பது விருந்தாளியின் கைகளே, ஆகையால் அந்தக் கைகளை அப்புறப்படுத்திவிட்டால் காரியம் ஜயமாகும் என்பது அவருடைய தர்க்கம். தர்க்கத்தில் பிழையில்லை. விருந்தாளி வந்தது மீனுக்காகவா, மீன் பிடிப்பதற்காகவா என்ற ஒன்றைத்தான் யாரும் அவரை யோசிக்கச் சொல்லவில்லை.

இந்தத் தொந்தரவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்ற மனிதர் 1653-இல் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். தூண்டில்காரன் ஒருவன் வேட்டைக்காரன் ஒருவனைச் சிஷ்யனாக்கிக்கொண்டு, நதி ஓரமாக நடந்தபடியே வித்தையைப் போதிக்கும் சம்பாஷணை அது. வழிகாட்டிகள் எல்லோரும் படிக்க வேண்டியது என்பேன். மீனுக்காக அல்ல, அந்தக் குரு காட்டும் நிதானத்துக்காக. நிழலில் மிதந்துகொண்டிருக்கும் மீன் கூட்டத்தில் வாலில் வெள்ளைப் புள்ளி உள்ள ஒன்றைக் குறிப்பாகச் சுட்டி, அதையே பிடிக்கப் போவதாக முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடியே பிடித்துக் காட்டுகிறார். சிஷ்யனுக்கு அதற்குப் பிறகு கண் எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அதே புத்தகத்தில், அதே கோல், அதே இரை இருந்தும் எனக்கு மட்டும் மீன் விழவில்லையே என்று சிஷ்யன் புலம்பும்போது, குரு ஒரு கதை சொல்லுகிறார். பலரும் கொண்டாடிய பிரசங்கம் ஒன்றை ஒருவன் இரவல் வாங்கிப் போய்ச் சொல்லிப் பார்த்தானாம், கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். அவன் திரும்பி வந்து குறைப்பட்டபோது, பிடிலை இரவல் கொடுத்தேனே தவிர அதை வாசிக்கும் வில்லைக் கொடுக்கவில்லையே என்ற பொருள்படப் பிரசங்கத்தின் சொந்தக்காரர் பதில் சொன்னாராம்.

எங்கள் தம்பி பிடில், வில் இரண்டையும் என் கையிலிருந்து வாங்கித் தாமே வாசித்துவிட்டார். கச்சேரி நன்றாயிருந்தது.

இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப் பூச்சியை இரையாக வீசும் வித்தை மேல்நாட்டில் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே இந்தச் சங்கடத்தை எப்படித் தீர்த்தார்கள் என்று துருவிப் பார்த்தேன். (அலுவலக நேரத்தில் அல்ல. பெரும்பாலும் அல்ல.) அமெரிக்காவில் இத்தகைய தூண்டில்காரர்களின் சம்மேளனம் ஒன்று, வீச்சுக் கலை ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டை 1992-இல் தொடங்கிற்று, அதற்கு மூலபுருஷர் மெல் கிரீகர் என்பவர். அந்தப் பரீக்ஷையில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. பரீக்ஷைக்கு வருகிறவர் நன்றாக வீசிக் காட்டினால் மட்டும் போதாது. வேண்டுமென்றே பிழையாகவும் வீசிக் காட்ட வேண்டும், அந்தப் பிழைக்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்று புதியவனுக்கு விளங்கும்படி சொல்லவும் வேண்டும். தன் வித்தையைப் பிரித்துப் போடத் தெரிந்தவனே உபாத்தியாயன் என்ற தெளிவு அதில் இருக்கிறது. எங்கள் தம்பியை ஒரு தடவை பிழையாக வீசச் சொன்னால் திண்டாடிப் போவார் என்றே நினைக்கிறேன். அவருடைய கைக்குப் பிழை செய்யத் தெரியாது.

ஜே காமெல், பில் காமெல் என்ற தந்தையும் மகனும் அந்த வீச்சு முழுவதையும் ஐந்தே தத்துவங்களில் அடக்கினார்கள். நூலில் தொய்வு கூடாது. நூல் நீள நீள, பின்வீச்சுக்கும் முன்வீச்சுக்கும் இடையிலுள்ள நிறுத்தமும் நீள வேண்டும். கோல் வளைவதற்குத் தக்கபடி கை வீசும் அகலமும் கூட வேண்டும். விசையைச் சரியான அளவில், சரியான இடத்தில், படிப்படியாகக் கொடுக்க வேண்டும். கோலின் நுனி நேர்கோட்டில் செல்ல வேண்டும். இந்த ஐந்தைத் தெரிந்து வைத்திருப்பதன் பிரயோஜனம், ஐந்தையும் விருந்தாளியின் தலையில் கொட்டுவது அன்று. அவருடைய பத்துப் பிழைகளுக்கும் வேராக இருக்கும் ஒரே பிழை எது என்று கண்டுபிடிப்பது. கோலைப் பிடிக்கும் பிடி தளர்ந்திருந்தால் தோள் ஆடும், நுனி வளையும், நூல் சரியும். பிடியை மட்டும் திருத்திவிட்டால் மற்றவை அநேகமாகத் தாமே சரியாகிவிடும். ஒரு சமயத்தில் ஒரு திருத்தம். அது கைவந்த பிறகே அடுத்தது.

ஜோன் வுல்ஃப் அம்மையாரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1960-இல் 161 அடி தூரம் பூச்சித் தூண்டில் வீசிய வீராங்கனை. பிற்பாடு 1979-இல் கணவர் லீ வுல்ஃபுடன் நியூயார்க் மாநிலத்தில், பீவர்கில் நதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடமே தொடங்கினார். வீச்சு என்ற ஒரே அசைவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்தது அவருடைய பெரிய உபகாரம். கோலில் பாரம் ஏற்றும் அசைவு ஒன்று, விசையோடு சொடுக்கும் அசைவு ஒன்று என்கிறபடி. பெயர் இருந்தால், "சொடுக்கு சீக்கிரம் வந்துவிட்டது" என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பெயர் இல்லாவிட்டால், "அப்படி இல்லை, இப்படி" என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 'அப்படி இல்லை இப்படி' என்பது போதனையே ஆகாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். (தாழ்மை ஒன்றும் இல்லை. திடமான அபிப்பிராயம்.)

நார்மன் மக்ளீன் 1976-இல் வெளியிட்ட 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' கதையில் வரும் பாதிரியார் தகப்பனோ, தம் பிள்ளைகளுக்குத் தாளக் கருவியை வைத்துக்கொண்டு, நான்கு எண்ணிக்கையில், கடிகார முகத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே கோலை ஆட்டச் சொல்லி வீச்சைக் கற்பிக்கிறார். கடிகாரக் கணக்கு ஆரம்பப் பாடத்துக்குச் சிலாக்கியமானதே. நூல் நீண்டுவிட்டால் அந்தக் கணக்குப் பொருந்தாது என்பதைச் சொல்லிவிட வேண்டியது ஆசிரியர் கடமை. சொல்லாமல் விட்டதனால் ஆயுள் முழுவதும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவிலேயே மாட்டிக்கொண்டு தவிக்கிற தூண்டில்காரர்கள் உண்டு.

இவ்வளவும் சொன்னது, அன்று மத்தியானம் எங்களுக்கு வாய்த்த நிஜமான உபாத்தியாயரிடம் வந்து சேர்வதற்கே.

அந்த விடுதியில் பரிசல் தள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். வாலிபத்தில், ஆற்றின் கீழ்ப்பக்கம் பீமேஸ்வரியை அடுத்துள்ள மீன்பிடி முகாம்களில் வெள்ளைக்காரர்களுக்குத் துணையாகப் போனவராம். அந்த வட்டாரத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் சிலரையே அந்த முகாம்கள் வழிகாட்டிகளாக அமர்த்திக்கொண்டன. மீனின் நடமாட்டம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? வனவிலங்குச் சட்டத்தைக் காரணமாக்கி 2012 வாக்கில் அந்தப் பகுதியில் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது. பெரியவர் மேல்பக்கம் வந்துவிட்டார். தம்பி சாப்பிடப் போன சமயத்தில், என் சிநேகிதர் அவரிடம், "பெரியவரே, பெரிய மீன் கடிச்சா எப்படி இருக்கும்?" என்று பேச்சுக்காகக் கேட்டார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. கோலை எடுத்துச் சிநேகிதர் கையில் கொடுத்தார். நரம்பின் நுனியிலிருந்த முள்ளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு சுள்ளியைக் கட்டினார். சுள்ளியைக் கையில் பிடித்தபடி புல்தரையைத் தாண்டி நடந்து, புதருக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். நாங்கள் ஒன்றும் விளங்காமல் நின்றோம்.

"நரம்பை விரல்ல வச்சுக்கோ சாமி," என்று புதர் பேசிற்று.

சிநேகிதர் ஆள்காட்டி விரல் நுனியில் நரம்பை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நரம்பு மெல்ல ஒரு துடிப்புத் துடித்தது, இன்னொரு துடிப்பு, சிநேகிதர் ஆவேசமாகக் கோலைத் தூக்கினார். "பேடா சாமி, பேடா! இது சில்லறை மீன், கேழ்வரகு உருண்டையைக் கொத்துது. அது திங்கட்டும்." (பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம்.) மறுபடியும் துடிப்பு. மறுபடியும் தூக்கினார், மறுபடியும் பேடா. அடுத்த தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். துடிப்பு நின்றது. நரம்பு ஒரு கணம் தளர்ந்தது. அதற்கப்புறம் வந்தது துடிப்பே அன்று; ஒரே இழுப்பு. கோல் வில்லாக வளைந்தது, ரீல் கிறீச்சென்று அலறிற்று, புதருக்குப் பின்னால் பெரியவர் ஓடுகிறார்! அறுபது வயதைத் தாண்டியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுள்ளியோடு மாட்டுக் கொட்டகையை நோக்கி ஓடுகிறார். சிநேகிதர் பதறிப்போய் ரீலின் கைப்பிடியை இறுகப் பற்றினார். "விடு சாமி, ஓடறவனை ஓட விடு! பிடிச்சா அறுத்துடுவான்!" சிநேகிதர் விட்டார். பெரியவர் நின்றார். "இப்ப நான் களைச்சிருக்கேன். கோலைத் தூக்கு... இறக்கிக்கிட்டே சுத்து. தூக்கு. இறக்கு, சுத்து." அவ்விதமே, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே, தள்ளாடித் தள்ளாடிக் கிட்டே வந்து சேர்ந்தார் மீன்.

காலையில் எனக்குக் கிடைத்த ஐந்து உபதேசங்களில் ஒன்றுகூட இப்போது என் நினைவில் இல்லை. அந்த இழுப்பு இருக்கிறது. அடுத்து என் முறை வந்தபோது நானும் பெரியவரை ஓட விட்டேன்.

பெரியவர் செய்ததைக் கொஞ்சம் ஆராய்ந்து பாருங்கள். மீன் கடிக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுக்க அவகாசம் கிடையாது; 'இப்போது' என்று வழிகாட்டி கத்தி முடிப்பதற்குள் மீன் போய்விடுகிறது. ஆகையால் அந்தக் கணத்தை முன்கூட்டியே, முள் இல்லாமல், ஆபத்து இல்லாமல், தோற்றால் அவமானமும் இல்லாமல், புல்தரையில் நடத்திப் பார்த்துவிட்டார். விருந்தாளியின் கண்ணுக்கு மறைந்துகொண்டதும் காரணமாகத்தான். ஆற்றில் மீன் தெரியப்போவதில்லை, விரல் ஒன்றே சாட்சி. அவர் சொன்ன வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும், அது தேவைப்பட்ட க்ஷணத்தில்தான் வாயிலிருந்து வந்தது. கோலைக் கையில் கொடுத்த பிறகு அவர் அதைத் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வீச்சுப் பழக்குகிறவர்கள் முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் முடிச்சைக் கட்டிப் புல்வெளியில் வீசப் பழக்குவதும் இதே யுக்திதான். பாறையில் வழுக்கி விழுந்துகொண்டும், நாவல் மரத்தோடு மல்லாடிக்கொண்டும் கற்க வேண்டிய அவசியம் என்ன?

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசுகிற வழிகாட்டியின் சொற்களை ஆறு கொண்டுபோய்விடுகிறது. விருந்தாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்விதம் பேசும்போது வெயில் வழிகாட்டியின் கண்ணில் படட்டும், விருந்தாளியின் கண்ணில் வேண்டாம். நீர் இரையும் இடத்தில் கத்துவதைவிட, 'நிறுத்து', 'விடு', 'சுற்று' என்பவற்றுக்குக் கைஜாடையை முன்னமே பேசி வைத்துக்கொள்வது மேல். பரிசலில் ஏறுமுன் எங்கே உட்காருவது, ஏன் எழுந்து நிற்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும்; ஏறிய பிறகு சொல்வது சம்பிரதாயம், அதில் பயன் இல்லை. தொப்பியும் கண்ணாடியும் வெயிலுக்கு மட்டுமல்ல, பறந்து வரும் முள்ளுக்கும் காப்பு என்று சொன்னால் யாரும் கழற்ற மாட்டார்கள். முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால், மீனின் வாயிலிருந்தும் மனிதனின் விரலிலிருந்தும் அது சுலபமாகக் கழன்று வரும். நசுக்கும் வேலையை விருந்தாளியின் கையாலேயே செய்விக்கிறவன் புத்திசாலி. முள்ளைப் பற்றிய மரியாதை அப்போதுதான் பிறக்கிறது.

மீனை விடுகிற கட்டம் வேறு விதமான பாடம். கையை நனைத்துக்கொள்ளாமல் மீனைத் தொட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் தொற்றும். படம் எடுப்பதற்காக நீரை விட்டு வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அதற்கு மூச்சுத் திணறல். இதை உபந்நியாசமாகச் சொன்னால், கேட்கிறவர் தலையை ஆட்டிவிட்டுப் படத்துக்குப் பல்லைக் காட்டுவார். தூண்டில்காரர்களிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு: மீனை நீரிலிருந்து தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டுகிறபோது மீனுக்கும் முட்டுகிறது என்று அர்த்தம். மைசூர் அம்மாளின் பையனுக்குப் பெரியவர் இதைச் சொன்னார். பையன் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்ற நிலையில் அவனுடைய அப்பா படம் எடுத்தார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, ஆனால் மீன் உடனே ஆற்றுக்குப் போய்விட்டது. அந்தப் பையன் இனி எந்த ஆற்றில் மீனைத் தூக்கினாலும் மூச்சைப் பிடிப்பான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

மீன் தப்பிவிட்டபோது வழிகாட்டி என்ன சொல்ல வேண்டும் என்பது பற்றி எனக்கும் சிநேகிதருக்கும் இன்றுவரை தகராறு தீரவில்லை. காரணத்தை உடனே சொல்லிவிட வேண்டும், சூடு ஆறினால் பாடம் ஏறாது என்பது அவர் கட்சி. முதலில் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. கை நடுங்கிக்கொண்டிருக்கிறவனுக்குக் காது கேட்பதில்லை, நடுக்கம் நின்றபின், "என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் காரணத்தைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். தானே கண்டுபிடித்த காரணத்தை மனிதன் மறப்பதில்லை, பிறர் சொன்ன காரணத்தோடு வாதாடவே செய்கிறான். (சிநேகிதர் இதைப் படித்துவிட்டு வாதாட வருவார் பாருங்கள்.)

மீனே விழாத நாளும் உண்டு. உண்மையில் அதுதான் வழிகாட்டிக்குப் பரீக்ஷை நாள். "நேற்று வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பிக்கிறவனை எனக்குக் கட்டோடு பிடிக்காது. நேற்று நான் வரவில்லை. அதற்கு இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நீர் ஏன் கலங்கியிருக்கிறது, மேலே எங்கே மழை, எதிர்க்கரையில் நீர்நாய்கள் விளையாடிய இடத்தில் மீன் ஏன் இருக்காது, மீன்கொத்தி எந்தக் கிளையில் உட்காருகிறது, அந்தக் கிளைக்குக் கீழே நீர் எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடந்தால், வெறுங்கையோடு திரும்புகிறவனும் அடுத்த தடவை ஆற்றைப் படிக்கத் தெரிந்தவனாகத் திரும்புகிறான். அதற்குக் காசு கொடுக்கலாம்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அநியாயம். பெரியவர் புதருக்குப் பின்னால் ஓடியதைச் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் வழியாக அவரும் பார்த்திருக்கிறார். மாலையில் என்னிடம் வந்து, "சார், எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரல. அப்பா போடுறதைப் பாத்துப் பாத்து வந்துடுச்சு," என்றார். பார்த்துப் பார்த்து வந்தவனுக்கு, பாராதவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. நீச்சல், முதலுதவி, மீன் பிடித்த படங்கள் எல்லாவற்றையும் பார்த்து வேலைக்கு எடுத்த விடுதிக்காரர், கற்பிக்கத் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

கேட்பதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். வழிகாட்டி வேலைக்கு ஒருவர் வந்தால், முள்ளின் காதில் நரம்பைக் கட்டும் அந்தச் சாதாரண முடிச்சை, அதாவது காதில் நுழைத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதை ஒட்டிய வளையத்தில் விட்டு, மறுபடியும் பெரிய வளையத்தில் விட்டு, எச்சிலால் நனைத்து இறுக்குகிற முடிச்சை, தூண்டிலையே தொட்டறியாத ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். வழிகாட்டியின் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சொல்லால் மட்டும். முடிச்சு விழுந்தால் வேலை கொடுங்கள். விழாவிட்டாலும் கொடுங்கள், ஆனால் ஒரு மாதம் பரிசல்காரப் பெரியவரோடு அனுப்பி வையுங்கள். சிஷ்யனாக உட்கார ஆள் அகப்படவில்லை என்றால் விடுதிக்காரரே உட்காரலாம். என் அநுபவத்தில், அந்த முடிச்சைப் போடத் தெரிந்த விடுதிக்காரர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.